ஈர முகத்தில் இரண்டு சொட்டு

ஹயலூரானிக் ஆசிட். இந்தப் பெயரை இன்றைக்கும் என்னால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அதற்குச் சொட்டு மருந்து என்று பெயர். உண்மையில் அது மருந்து இல்லை. சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் மாதிரி இருக்கும், தொட்டால் கொழகொழவென்று இருக்கும், முகத்தில் போடுவது.

போடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். முகத்தை நனைத்துவிட்டு, ஈரம் இருக்கும்போதே போட வேண்டும். அது தண்ணீரைப் பிடித்துவைக்கிற சாமான். மேலே ஈரம் இல்லையென்றால் தோலுக்குள் இருக்கிற ஈரத்தை இழுத்துவிடும். போட்ட பிறகு கிரீம் தடவி மூட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல் என் மனைவியின் முகத்தைக் கெடுத்தேன். தெரிந்த பிறகு அதைவிடப் பெரிய ஒன்றைக் கெடுத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் விருத்தாசலம் செராமிக் பேட்டையில் கிளேஸ் போடுகிறவன். கப்பு, விளக்கு, பொம்மை எல்லாம் முதல் தடவை சூளையில் வெந்து வரும்போது சாக்பீஸ் மாதிரி இருக்கும். பிஸ்கட்டு என்போம். அதைக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து மறுபடி சூளைக்கு அனுப்பினால்தான் பளபளப்பு வரும். முக்குகிற வேலை என்னுடையது. இருபத்தாறு வருஷமாக அதே தொட்டி, அதே ஸ்டூல்.

மனைவிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் கடலூருக்குக் கூட்டிப் போய் டயாலிசிஸ். கிட்னி போனவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது. உடம்பிலேயே தங்கி, கால் வீங்கி, கடைசியில் நெஞ்சுக்குள் ஏறும். அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் என்று டாக்டர் கணக்காகச் சொல்லிவிட்டார். அதில் காபி, ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அடக்கம்.

பேட்டையிலிருந்து கிளேஸில் ஊசித்துளை விழுந்து ஒதுக்கிய கப்பு ஒன்றைக் கொண்டுவந்தேன். அந்தக் கப்பில் ஆறு கப்பு. அதுதான் அவளுடைய ஒரு நாள். நான் அவளுக்குப் புருஷனாக இருந்ததைவிடக் காவல்காரனாக இருந்த நேரம் அதிகம். குழாய் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் போய் எட்டிப் பார்ப்பேன். வாய் கொப்பளித்துத் துப்புகிறாளா, விழுங்குகிறாளா என்று பார்ப்பேன். குழம்புச் சோற்றைப் பிழிந்து போடச் சொல்வேன். ஒரு நாள் காலையில் எழுந்து, கனவில் மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்ததாகவும் அவள் குனிந்து குனிந்து அள்ளிக் குடித்ததாகவும் சொன்னாள். எத்தனை கப்பு என்று கேட்டேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இதில் அவள் தோலும் போயிற்று. நல்ல மாநிறக்காரி, கரியாகிப் போனாள். முகம் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. அரிப்பு வேறு. கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் சொருகிவைத்தாள்.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு வளைகாப்பு வந்தது. எங்களுக்கு ஒரே பெண். பெண்ணாடத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கரும்பு வைத்திருக்கிற பெரிய குடும்பம். வளைகாப்பு அவர்கள் வீட்டிலேயே என்று பேசி முடிவானது. அம்மாக்காரி முன்னால் நின்று முதல் வளையல் போட வேண்டும்.

"நான் வரலைங்க" என்றாள் இவள். "சம்பந்தி வூட்டு பொம்பளைங்க அத்தினி பேரு முன்னாடி இந்த மூஞ்சிய வச்சிகிட்டு நிக்க மாட்டேன். பாக்கறவங்க புள்ளைய பாக்கமாட்டாங்க, என்னத்தான் பாப்பாங்க."

நானும் கத்திப் பார்த்தேன். மகள் போனில் அழுதாள். இவள் அசையவில்லை. முகம் கொஞ்சமாவது தேறினால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை. அது ஒன்றுதான் அவள் கேட்டது. என்னிடம் அவள் பெரிதாக எதையும் கேட்டவள் இல்லை.

மகள் கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் அழகுப் பொருள் விற்கும் கடையில் கவுண்டரில் நின்றவள். இந்தப் பாட்டிலையும் ஒரு கிரீமையும் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினாள். டயாலிசிஸ் நர்ஸம்மாவிடம் காட்டினோம். படித்துப் பார்த்துவிட்டு, வெளிப்பூச்சுதான், தாராளமாகப் போடலாம் என்றார்கள். பெயரை அவர்கள் வாசித்ததும் என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"ஆசிட்டா? என்ன புடிக்கலன்னா வாயால சொல்லிடுங்க. மூஞ்சில ஊத்தியெல்லாம் தொரத்த வேணாம்."

பக்கத்துப் படுக்கைக்காரர் ஊசியோடு சிரித்தார்.

எப்படிப் போட வேண்டும் என்று மகள் போனில் சொல்ல ஆரம்பித்தாள். நான் விடவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கிளேஸ் போடுகிறவனுக்கு நீ பூச்சு போடச் சொல்லித் தருகிறாயா, போனை வை என்றேன். வைத்துவிட்டாள். என் வாய் அப்படி.

இவளுடைய கையில் ஊசி குத்திக் குத்தி விரல் சரியாக மடங்காது. அதனால் நான்தான் போட்டுவிட்டேன். வேலைக்குப் போகும் முன், காலையில், அவளை நாற்காலியில் உட்காரவைத்து, காய்ந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தேன். அப்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் என்றாலே எதிரி. அவள் உடம்பில் எங்கே ஈரம் தெரிந்தாலும் துடைக்கத் தோன்றும். துடைத்துவிட்டு ஐந்தாறு சொட்டு விட்டுத் தேய்த்தேன். நன்றாகக் காயட்டும் என்று ஃபேனைக் கூட்டி வைத்தேன். கிரீம் பிசுபிசுக்கும் என்று அதைத் தொடவே இல்லை. அது மே மாதம். எங்கள் ஊர் மே மாதத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

நாலாம் நாள் முகம் டின் தகடு மாதிரி இறுகியது. வாயைத் திறந்தால் கன்னம் இழுக்கிறது என்றாள். மூக்கோரம் வெள்ளைப் பொருக்கு கிளம்பியது. உனக்கு நம்பிக்கை இல்லை, அதனால்தான் ஒட்டவில்லை என்று நான் அவளையே திட்டினேன். இன்னும் ரெண்டு சொட்டு கூட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதையும் துடைத்தேன்.

அந்த வாரம் பேட்டையில் ஒரு நாள் தண்ணீர் வரவில்லை. பிஸ்கட்டைக் கிளேஸில் முக்குவதற்கு முன்னால் ஈர ஸ்பாஞ்சால் ஒருமுறை துடைக்க வேண்டும். அப்போதுதான் தூசி போகும், பிஸ்கட்டு கிளேஸை ஒரேயடியாக உறிஞ்சாது. என் பக்கத்தில் வேலை செய்கிற பெண், வாளியில் தண்ணீர் இல்லையென்று துடைக்காமலே ஒரு பலகை நிறைய விளக்குகளை முக்கி வைத்துவிட்டாள். காய்ந்ததும் கிளேஸ் அப்பளம் மாதிரி பொருக்கு விட்டு உதிர்ந்தது. காய்ந்த பிஸ்கட்டில் எவளாவது முக்குவாளா, கண்ணு என்ன பிடரியிலா இருக்கிறது என்று நான் அவளைக் கிழித்துவிட்டேன்.

அவளும் சும்மா இருக்கிறவள் இல்லை. "சும்மா கத்தாதண்ணே. மூஞ்சி கழுவாம பவுடரு போட்ட மாதிரி ஆயிடுச்சி, அவ்ளோதான். சுரண்டிட்டு மறுபடி போட்டுக்கலாம்."

நான் கையில் எடுத்த விளக்கோடு அப்படியே நின்றேன். அந்தப் பொருக்கும் என் மனைவியின் மூக்கோரத்துப் பொருக்கும் ஒன்றுதான். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்நூறு சாமானை நனைத்து நனைத்துத் துடைத்தவன், பெண்டாட்டி முகத்தைக் காயவைத்துப் பூசியிருக்கிறேன். வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன். அவள் முழுதாகச் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் ஒத்தினேன். ஈரம் காய்வதற்குள் இரண்டே சொட்டு. தேய்க்காமல் விரலால் ஒத்தி ஒத்தி விட்டேன். அதன் மேல் கிரீம். ஃபேனை நிறுத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து ஒரு துளி மூக்கோரமாக இறங்கி உதட்டுக்கு வந்தது. நாக்கு நுனியை வெளியே விட்டு அதை எடுத்துக்கொண்டாள்.

"நாக்க உள்ள வைடி."

"ஒரு துளிங்க. அதையும் கப்புல புடிச்சி அளக்கப் போறீங்களா?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கன்னம் இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம், தினமும் காலையில் பத்து நிமிஷம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் அவ்வளவு நேரம் தொட்டதே இல்லை. புருவத்துக்கு நடுவில் அம்மைத் தழும்பு ஒன்று இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். முதலில் பொருக்கு நின்றது. அப்புறம் தோல் இளகியது. கருப்பு போகவில்லை, அது போகாது. ஆனால் கருப்பிலேயே ஒரு மினுமினுப்பு வந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை அவளே எடுத்து மாட்டினாள். என்ன புடவை கட்டுவது என்று கேட்டாள்.

வளைகாப்பு அன்று அவள் முதல் வளையல் போட்டாள். மகள் கன்னத்தில் சந்தனம் பூசினாள். சம்பந்தியம்மா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, டயாலிசிஸ் பண்ணுகிறவங்க மாதிரியா இருக்கிறாங்க, மூஞ்சி பளபளவென்று இருக்கிறதே, எங்களுக்கும் என்ன போடுறீங்கன்னு சொல்லுங்க என்றார்கள். இவள் என்னைத் தேடிப் பார்த்தாள். பந்தலின் அந்தக் கோடியில் நின்றிருந்தேன். அவள் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு வயது ஒரு மணி நேரம்.

மதியம் ஆனது. பந்தலுக்கு மேலே தகரம், கீழே ஆளுயர ஃபேன் அனலை வாரி அடித்தது. சாப்பாடு முடிந்ததும் இரண்டு குடும்பத்தையும் நிற்கவைத்துப் படம் எடுக்கப் போவதாக போட்டோக்காரர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவளைத் தேடினேன். பந்தல் ஓரத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றாள். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். எவர்சில்வர் டம்ளர் நிறைய மொண்டாள். முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் போனாள்.

அன்றைய ஆறு கப்பில் ஐந்து காலையிலேயே முடிந்திருந்தது. எனக்கு மண்டைக்குள் நெருப்பு ஏறியது. பின்னாலேயே ஓடினேன். விறகு அடுக்கியிருந்த இடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கியிருந்தாள். நான் அடித்த அடியில் டம்ளர் பறந்து சுவரில் மோதியது. தண்ணீர் அவள் புடவையெல்லாம் கொட்டியது.

"சாவணும்னா இன்னிக்கித்தான் சாவணுமா? புள்ளைக்கி வளையல் போடுற நாளு பாத்து வச்சிருந்தியா? நாக்க அடக்கத் தெரியாத நாயே."

இந்த வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன். சத்தம் கேட்டுப் பந்தலே திரண்டு வந்தது. சம்பந்தியம்மா, அவர்கள் ஓரகத்திகள், மாப்பிள்ளை, சந்தனக் கன்னத்தோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் மகள். என்ன ஆச்சு என்று சம்பந்தியம்மா கேட்டார்கள். திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறா என்று நான் சொன்னேன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆமாங்க. ஒரு வாய் குடிக்கலாம்னு வந்துட்டேன். அவரு சொல்றது சரிதான்."

ஏம்மா இப்படிப் பண்ற என்று மகள் அழுதாள். சம்பந்தியம்மா, உங்க நல்லதுக்குத்தானே அண்ணன் சொல்றாரு என்று இவளுக்குப் புத்தி சொன்னார்கள். அப்புறம் படம் எடுத்தார்கள். அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அவள் புடவையில் இடுப்புக்குக் கீழே ஈரம் தெரியும். முகம் காய்ந்துபோயிருக்கும். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறேன்.

வழக்கப்படி மகளை அன்று மாலையே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வீட்டுக்கு வந்து, மகள் உள்ளே படுத்த பிறகு, இவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதிலிருந்து அந்தச் சொட்டு மருந்துப் பாட்டிலை எடுத்தாள். துணியால் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் எடுப்பதற்கு முன்னால் முகத்தை நனைத்து இரண்டு சொட்டு போட்டுக்கொள்ளப் போயிருக்கிறாள். நனைக்காமல் போடக்கூடாது என்று மூன்று வாரமாக நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அந்த டம்ளர் முகத்துக்கு. அத்தனை பெண்களுக்கு நடுவில் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டு மறைவாகப் போயிருக்கிறாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது. அதிலும் தப்பை அவள் மேலேயே வைத்தேன்.

"சொல்லி? அத்தினி பேரு நடுவுல நீங்க தல குனிஞ்சி நிக்கணுமா? எனக்கு எப்பிடியும் சீக்காளின்னு பேரு. இன்னொன்னு சேந்தா என்னா போவுது?"

மறுநாள் காலையில் துண்டை நனைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். அடுத்த நாளும் போனேன். அதற்கப்புறமும் தினமும் போனேன். மன்னிச்சிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. துண்டு காய்கிறவரை கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். மகளை மூன்று நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினோம். பிரசவத்தை அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். முகம் மறுபடி பொருக்கு விட்டது. கண்ணாடி மறுபடி பீரோவுக்குப் பின்னால் போனது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மூச்சு வாங்குகிறது என்றாள். கடலூருக்குக் கொண்டுபோனேன். இருதயம் பலவீனமாகிவிட்டது, கிட்னி போனவர்களுக்கு இது வரும் என்றார் டாக்டர். தண்ணீர் அதிகம் குடித்தாளா என்று நானே கேட்டேன். எடையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை, கட்டுப்பாடாகத்தான் இருந்திருக்கிறார் என்றார்.

இரண்டாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. நர்ஸம்மா பஞ்சை நனைத்துக் கொடுத்து உதட்டில் ஒத்தச் சொன்னார்கள். ஒத்தினேன். நாக்கை நீட்டவில்லை. கையால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"பாட்டிலு எடுத்தாந்தீங்களா?"

எடுத்து வரவில்லை. அலமாரியில் இருந்தது. இத்தனை நாளாகத் தினமும் அவள் முன்னால் கொண்டுபோய் நின்ற பாட்டில், அவளே கேட்ட அன்றைக்கு என்னிடம் இல்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"போவுது. வெறுந்தண்ணியே தடவுங்க."

தடவினேன். ஃபேன் காற்றில் உடனே உடனே காய்ந்தது. காயக் காயத் தடவினேன். மத்தியானத்துக்குள் போய்விட்டாள்.

சாவுக்குப் பெண்ணாடத்திலிருந்து எல்லோரும் வந்தார்கள். பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. பாவம், தண்ணியைக் கட்டுப்படுத்த முடியாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள், வளைகாப்பு அன்றைக்கே நாங்கள் கண்ணால் பார்த்தோமே, அந்த மனுஷன் எவ்வளவு பாடுபட்டுப் பார்த்துக்கொண்டான் என்றார்கள். நான் எழுந்து போய், இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பாடையில் பூ சரியாகக் கட்டவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது பேத்திக்கு ஒரு வயது முடியப் போகிறது. போன வாரம் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அம்மா கொஞ்சம் வாயைக் கட்டியிருந்தால் பேத்தியைப் பார்த்திருக்கும் இல்லையாப்பா என்றாள். நான் ம் என்றேன். அன்று ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவள் குடிக்கவில்லை. அன்றைக்கும் குடிக்கவில்லை, எந்த நாளும் ஆறு கப்பைத் தாண்டவில்லை. அந்த டம்ளர் தண்ணீர் முகத்தை நனைக்க. நான் மொத்த ஊர் முன்னால் அவளைத் திருடி என்றேன். என் மானம் போகக்கூடாது என்று அவள் ஆமாம் என்றாள். வாயால் சொல்ல எனக்குத் துப்பில்லை. அதனால் இதை எழுதி, முதலில் மகளிடம் கொடுக்கிறேன். அவள் படித்துவிட்டு என்ன சொன்னாலும் சரி. படித்த பிறகு பெண்ணாடத்துக்கும் எடுத்துப்போய், அன்று பந்தலில் இருந்த ஒவ்வொருவரிடமும் காட்டட்டும்.